மழைக்கு மறுநாள்

ஏழரை மணி சீரியலின் இருநூற்றுப் பன்னிரண்டாவது பாகத்தில் கதாநாயகன் பிடிபட்டான். வெளியூர் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன், நாலு தெரு தள்ளி இன்னொருத்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதை அவன் மனைவி பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தை மூன்று தடவை காட்டி, இடி இடிக்கவிட்டு, தொடரும் போட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன்மா தன் அறைக் கதவைத் திறக்கும்போதே மூன்று தொலைபேசிகளும் அலறிக்கொண்டிருந்தன.

அந்தத் தயாரிப்பு நிறுவனத்தில் நேயர்களின் அழைப்புகளை எடுத்துப் பேசுவது அவள் வேலை. ஒன்பது வருடமாக அதே நாற்காலி. யார் முதலில் போன்மா என்று கூப்பிட்டார்களோ, இப்போது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர். அறை இரண்டாவது மாடியில், எடிட்டிங் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் "என்னை ஏமாத்திட்டீங்களே" என்று ஒரு வசனத்தை வெட்டி ஒட்டும்போது அதையே நாற்பது தடவை கேட்க வேண்டிவரும். முதல் இரண்டு தடவை நெஞ்சு கனக்கும். அதற்கப்புறம் காது மட்டும் வலிக்கும்.

ஒவ்வொரு அழைப்பையும் நீள நோட்டில் எழுதுவாள். எத்தனை மணி, ஆணா பெண்ணா, யாரைத் திட்டினார்கள், யாரைப் பாராட்டினார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதை ஒரே பக்கமாகச் சுருக்கிக் கதைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். பேசுபவர்களிடம் சொல்ல வேண்டியதையும் ஓர் அட்டையில் அச்சடித்து மேஜையில் ஒட்டியிருந்தார்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் அன்பே எங்கள் பலம்." அதற்கு மேல் பேசக் கூடாது.

அன்றைக்கு முதலில் பேசியவர் ஒரு பெரியவர். "அந்தப் பொம்பளைய உள்ள தூக்கி வைக்கச் சொல்லுங்கம்மா."

"அவனை, சார்?"

"அவன் ஆம்பளை, ஏதோ சபலம். அவளுக்கு எங்க போச்சு புத்தி?"

அடுத்து ஒரு பெண் மூச்சு விடாமல் பேசினாள். "அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுக்கு உடனே சொல்லி அனுப்புங்க. அவன் பெட்டியில ஒரு சட்டை கூட இல்ல, வெறும் பெட்டி. தூக்குறப்பவே தெரியுது. நான் போன வாரமே கவனிச்சேன்." மூன்றாவதாக ஓர் ஆண், குரலை அடக்கிக்கொண்டு: "நான் ஒரு தப்பும் பண்ணலம்மா. ஆனா இந்தக் கதை ஆரம்பிச்சதுலேந்து என் பொண்டாட்டி என் செல்போனைக் கையிலேந்து கீழ வைக்க மாட்டேங்கிறா. சீக்கிரம் முடிச்சு விடுங்க, புண்ணியமா போகும்."

மதியத்துக்குள் நோட்டில் ஆறு பக்கம் நிரம்பியது. ஏமாற்றியவனைத் திட்டியவர்கள் கொஞ்சம் பேர். இன்னொருத்தியைக் கரித்துக் கொட்டியவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த வேடத்தில் நடிக்கும் பெண் அந்த வாரம் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். "உனக்குத் தலைவலி வரணும், நல்லா வரட்டும்" என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம். படப்பிடிப்புத் தளமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்த் தலையில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாளாம்.

போன்மா எல்லாவற்றையும் எழுதினாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டரை வருடங்களுக்கு முன்னால், ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு மாதம் ஒருமுறை லிஃப்ட் பார்க்கப் போனவர், லிஃப்ட் பழுதாகாத நாட்களிலும் அங்கே போக ஆரம்பித்தார். நாலாவது மாடி அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். ஒன்றரை வருடம். விஷயம் தெரிந்த அன்று போன்மா கத்தவில்லை, பாத்திரத்தை உடைக்கவில்லை. "வேணுமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். அவர் மூன்று வாரம் அண்ணன் வீட்டில் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவள் கதவைத் திறந்தாள். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அப்பா வேலை விஷயமாகப் போயிருந்தார் என்று நம்பிக்கொண்டிருந்தாள், இன்றுவரை.

அந்த மகளுக்கு இப்போது இருபது. கண் பரிசோதனைப் படிப்பில் இருக்கிறாள். வீட்டில் இன்னமும் பாப்பாதான். ஏழரை மணிக்கு மூன்று பேரும் தட்டோடு டிவி முன்னால் உட்காருவது வழக்கம். அன்றைய பாகத்தில் கதாநாயகி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ போக மாட்டா பாருங்க," என்றாள் மகள், வாயில் சாப்பாட்டோடு. "கடைசியில அவன் கால்ல விழுவான், இவ கண்ணைத் துடைச்சிக்கிட்டு சேத்துக்குவா. எல்லா சீரியல்லயும் இதே கதைதான். மானம் ரோஷம் இருக்கிறவ சேத்துக்குவாளா?"

கணவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொல்லும்மா, நீயா இருந்தா சேத்துக்குவியா?"

"சாப்பிடு பாப்பா, ஆறிடப் போகுது," என்றாள் போன்மா.

அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போதும் பிடிக்கவில்லை. காலையில் பஸ்ஸில் நிற்கும்போதும் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணி இருக்கும். தொலைபேசியில் ஒரு பெண். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அவ அவனைச் சேத்துக்கப் போறாளா?"

"கதை எனக்குத் தெரியாதும்மா."

"சேத்துக்குவா. எனக்குத் தெரியும். நான் அதக் கேக்கல." மெஷின் நின்றது. "சேத்துக்கிட்டா, மறுநாள் அவ என்ன பண்ணுவான்னு காட்டுவீங்களா?"

போன்மாவின் பார்வை அட்டைக்குப் போனது. உங்கள் கருத்துக்கு நன்றி.

"எங்க வீட்டுக்காரர் திரும்பி வந்து நாலு நாள் ஆகுது," என்றாள் அந்தத் தையல்காரப் பெண். "எல்லாரும் சொன்னாங்க, வந்துட்டார்ல, விடு, மறந்துடுன்னு. சரின்னு விட்டேன். இன்னைக்குக் காலையில துணி ஊற வைக்கும்போது அவர் சட்டை கிடந்துச்சு. அத எடுக்கவா வேண்டாமான்னு தெரியாம பக்கெட் முன்னால அரை மணி நேரம் குந்தியிருந்தேன். பைத்தியக்காரத்தனமா இருக்குல்ல?"

ஒன்பது வருடத்தில் அவள் அட்டையை மீறியதில்லை. அன்று மீறினாள்.

"நான் ஆறு மாசம் தொடலம்மா," என்றாள்.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு மெல்ல, "அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் தொட்டேன். கசக்கிப் போட்டேன். அழுக்கு போச்சு, கோபம் போகல. அது போறதுக்கு இன்னும் ரொம்ப நாளாச்சு. போயிடுச்சான்னு கேட்டா, முழுசா போயிடுச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"இத யாருமே சொல்லலக்கா."

"எனக்கும் யாரும் சொல்லல."

இருபது நிமிடம் பேசினார்கள். மற்ற இரண்டு தொலைபேசிகளும் அடித்து ஓய்ந்தன. வைத்த பிறகு நோட்டை எடுத்தாள். திட்டா, பாராட்டா? இரண்டிலும் சேரவில்லை. அவள் பழைய பக்கங்களைப் புரட்டினாள். இந்தக் கதை தொடங்கிய ஐந்து வாரத்தின் பக்கங்கள் எல்லாம். சுருக்கமாக "மனைவிக்கு ஆதரவு" என்று எழுதித் தள்ளியவர்களில் பலர் கடைசியில் வேறொன்று கேட்டிருந்தார்கள். ஓரத்தில் தானே கிறுக்கி வைத்திருந்தாள். 'பிள்ளைகளிடம் என்ன சொல்வாள் என்று கேட்டார்.' 'மாமியார் முகத்தில் எப்படி விழிப்பாள்.' 'ஒரே கட்டிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.' எண்ணிப் பார்த்தாள். அறுபத்தொரு பேர். ஐந்து வாரமாகக் காதில் விழுந்ததை அவளே சல்லடை போட்டு எறிந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நாலு பேர் இருந்தார்கள். தயாரிப்பாளரை எல்லாரும் மேடம் என்பார்கள், அறுபதை நெருங்கும் அம்மாள். பக்கத்தில் டைரக்டர். எதிரே வசனம் எழுதுபவர், முப்பது வயதிலேயே முன்தலை வழுக்கையாகிவிட்டவர். கால அட்டவணை பார்க்கும் மேனேஜர். போன்மா தாளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார். இருநூற்று ஐம்பதாவது பாகம், ஒரு மணி நேரச் சிறப்புப் பாகம். இன்னொருத்தி விபத்தில் மாட்டுகிறாள். கதாநாயகன் மனம் திருந்தி மனைவியின் காலில் விழுகிறான். அவள் தூக்கி நிறுத்துகிறாள். மழை கொட்டுகிறது. "ரெண்டு தண்ணி லாரி சொல்லியாச்சு மேடம். போன தடவை ஒரு லாரிதான், தூறல் மாதிரி இருந்துச்சு." பிறகு அவளைக் கவனித்தார். "என்ன போன்மா, வேற ஏதாவதா?"

"மழைக்கு மறுநாள் என்ன நடக்குது சார்?"

"மறுநாள் வில்லன் குழந்தையைக் கடத்துறான். ஏன்?"

"அறுபத்தொரு பேர் கேட்டிருக்காங்க. சேந்ததுக்கு அப்புறம் அவ எப்படி அந்த வீட்டுல இருக்கப் போறான்னு. அத நான் இத்தனை நாளா உங்களுக்கு எழுதித் தரல. என் தப்பு. இன்னைக்கு எழுதியிருக்கேன்."

டைரக்டர் சிரித்தார். நல்ல மனிதர்தான், வேலை தெரிந்தவர். "போன்மா, ஜனங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எனக்கெதுக்கு சார் சம்பளம்?"

மேனேஜர் இருமினார். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு நிமிஷம். சொல்லுங்க."

அவள் வாசித்தாள். முடித்ததும் வசனம் எழுதுபவர் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. ஆனா இதுல சீன் எங்க இருக்கு? அவ துவைக்கிறா, சமைக்கிறா, படுக்கிறா. என்ன எழுதுறது?"

"சீன் இருக்கு. அவர் பக்கத்துல வந்து உக்காந்தா அவ எந்திரிச்சுப் போறா. போகணும்னு நினைச்சுப் போகல, காலே போகுது. அவர் பத்து நிமிஷம் லேட்டா வந்தா அவ கேக்க மாட்டா, கடிகாரத்தைப் பாப்பா. அவரும் அவ கடிகாரத்தைப் பாத்ததைப் பாப்பார். ஏதாவது ஜோக் சொன்னா சிரிப்பு வருது, சிரிச்சா தோத்துட்ட மாதிரி இருக்குன்னு உதட்டைக் கடிச்சுக்கிறா. அந்தப் பொண்ணு பேரைச் சொன்னாக்கூட வலிக்காது, 'நாலாவது மாடி'ன்னு யாராவது சொன்னா வலிக்கும்."

"இதையெல்லாம் எந்த நேயர் சொன்னாங்க?"

ஒரு நேயர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கான பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'சாப்பிடு பாப்பா' என்று அன்றைக்குச் சொன்னதும் அதே மாதிரியான ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

"போன்ல வந்தது இல்ல," என்றாள். "என் வீட்டுல நடந்தது."

டைரக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "கடத்தலை ஒரு வாரம் தள்ளு. மழை இருக்கட்டும், லாரிக்குச் சொல்லியாச்சு. மழைக்கு அடுத்த அஞ்சு நாள் இவங்க சொல்றது. பாக்குறவங்க குறைஞ்சா அஞ்சு நாளோட சரி. அதுக்கு மேல என்கிட்ட வந்து நிக்கக் கூடாது, போன்மா."

"நிக்க மாட்டேன்னு சொல்ல முடியாது மேடம்," என்றாள். மேடமின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவருடைய விஷயத்தையும் சேர்த்துத்தானே சபையில் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்? டிவியில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலை அவர் வேலை முடிந்து வந்து கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் வகுப்பிலிருந்து வரவில்லை. அவள் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னாள். நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் விடாமல்.

அவர் குழாயை மூட மறந்துவிட்டார். "ஆபீஸ்ல போய்ச் சொன்னியா? நம்ம விஷயத்தையா?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"நீங்க என்னைக் கேட்டுட்டா போனீங்க?"

பதினோரு வருடமாக அவள் வாயில் வராத வார்த்தை அது. வந்த வேகத்தில் அவளே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அறை வாங்கியதுபோல் இருந்தது அவர் முகம்.

"நான் திரும்பி வந்தன்னைக்கு நீ இதச் சொல்லுவன்னு எதிர்பாத்தேன்," என்றார் கடைசியில். "ஒரு வாரம் எதிர்பாத்தேன். நீ சொல்லவே இல்ல. சரி, மறந்துட்டன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கு அது வசதியா இருந்துச்சு."

"நான் மறக்கல."

"தெரியுது." கொஞ்சம் பொறுத்து, "டிவில என் வேலையைச் சொல்லுவாங்களா?"

"இல்ல. அவன் அதுல துணிக் கம்பெனி முதலாளி."

"அந்த மட்டும் பரவாயில்ல," என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்று முழுக்க அவர் அவளோடு அதற்குமேல் பேசவில்லை. அவளும் சமாதானம் செய்யப் போகவில்லை. அவர் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வசனம் எழுதுபவர் நாலு நாள் மதியம் அவள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் நாள் அவர் எழுதிக் கொண்டுவந்ததில் மனைவி ஒரு பக்கத்துக்குப் பேசினாள். போன்மா படித்துவிட்டு, "இவ்வளவு பேச முடிஞ்சா அவளுக்குப் பிரச்சினையே இல்லையே சார்," என்றாள். அவர் அடித்தார், மறுபடி எழுதினார். நாலாம் நாள் ஐந்து பாகத்திலும் சேர்த்து மனைவிக்கு முப்பது வாக்கியம்தான் மிஞ்சியது. "என் வாழ்க்கையில இவ்வளவு கம்மியா எழுதுனது இல்ல. என்னைப் பாத்து யூனிட்டே சிரிக்கப் போகுது," என்று புலம்பிக்கொண்டே போனார். ஆனால் தாளைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மழை கொட்டியது. இரண்டு லாரித் தண்ணீர். ஊரே பார்த்தது. மகள் ரிமோட்டைச் சோபாவில் எறிந்து, "நான் சொன்னேன்ல?" என்றாள். அடுத்த திங்கட்கிழமை ஏழரைக்குக் கதாநாயகி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். பின்னணி இசை இல்லை. கணவன் வந்து தண்ணீர் கேட்டான். அவள் டம்ளரை அவன் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்தாள். அவன் எடுத்துக் குடித்துவிட்டு, கழுவி வைத்துவிட்டுப் போனான். அவள் அந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

"என்ன இது, ஒண்ணுமே நடக்கல," என்றாள் மகள். ஆனால் எழுந்து போகவில்லை. விளம்பரம் வந்ததும், "இப்படி இருக்கறதுக்குப் பேசாம அவ பிரிஞ்சே போயிருக்கலாம். எதுக்கு இந்தக் கண்றாவி?" என்றாள்.

"போயிருந்தாலும் நியாயம்தான்," என்றார் அவர். "உங்கம்மா போயிருந்தாலும் நியாயம்தான்."

மகள் திரும்பினாள். அவர் தட்டைக் கீழே வைத்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, லிஃப்ட் எங்கே பழுது என்று கட்டடக்காரரிடம் விளக்குவதைப்போல நிதானமாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, சாக்குச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் என்றார். மூன்று வாரம் பெரியப்பா வீட்டில் இருந்தது வேலைக்காக இல்லை என்றார். "தப்பு என்னோடது. முழுக்க என்னோடது. உங்கம்மா உன்கிட்ட மறைச்சது என் மானத்தைக் காப்பாத்த."

விளம்பரம் முடிந்து சீரியல் வந்தது. யாரும் பார்க்கவில்லை. மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை போன்மா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "எனக்காகத்தான் சேத்துக்கிட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் மகள் அழுது கட்டிக்கொண்டிருப்பாள். சீரியலில் அப்படித்தான் எழுதுவார்கள். போன்மா வாயைக் கொப்பளித்தாள்.

"இல்ல பாப்பா. உன் தலையில அத ஏத்த மாட்டேன். எனக்கு அவர் வேணும்னு இருந்துச்சு. அவரைக் கண்டா பத்திக்கிட்டும் வந்துச்சு. ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ மானம் ரோஷம்னு சொன்னியே, அதுவும் இருந்துச்சு. அது இல்லாதவ இத்தனை வருஷம் இவ்வளவு கஷ்டப்பட மாட்டா."

"நான் அப்பாகூட இப்ப பேச மாட்டேன்."

"பேச வேண்டாம். எப்ப தோணுதோ அப்பப் பேசு. அவர் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து அம்மாவின் தோளில் ஒரு நொடி முகத்தை வைத்துவிட்டுப் போனாள். அப்பாவோடு அவள் பேச இருபத்தாறு நாள் ஆனது. முதலில் பேசியதும் கரண்ட் பில் பற்றித்தான்.

அலுவலகத்தில் அந்த வாரம் தொலைபேசிகள் வறுத்தெடுத்தன. "என்னம்மா, சவுண்டு போயிடுச்சா?" "கடத்தல்னு முன்னோட்டம் போட்டீங்க, எங்க கடத்தல்?" "அவ எதுக்கு டம்ளரையே கழுவிக்கிட்டு இருக்கா, வேற வேலை இல்ல?" வியாழக்கிழமை வந்த அறிக்கையில் பார்த்தவர்கள் எண்ணிக்கை இறங்கியிருந்தது. டைரக்டர் அந்த அறிக்கையை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மேடம் சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமையிலிருந்து குழந்தையைக் கடத்த உத்தரவு போட்டார்.

போன்மா கூட்டத்தில் இன்னொரு தாளை வைத்தாள். "வழக்கமா ஒருத்தர் பேசுறது ஒண்ணரை நிமிஷம். இந்த வாரம் நாப்பத்தெட்டுப் பேர் கால் மணி நேரத்துக்கு மேல பேசியிருக்காங்க. அதுல பதினோரு பேர் ஆம்பளைங்க. அவங்க யாரும் யாரையும் திட்டல."

"அதை வச்சு நான் விளம்பரம் வாங்க முடியாது," என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். வாரத்துல ஒரு நாள் மூணு நிமிஷம் கொடுங்க. கடத்தல் பாட்டுக்கு நடக்கட்டும்."

மேடம் வசனம் எழுதுபவரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே பையிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டிருந்தார். "ஒரு சீன் எழுதிட்டேன் மேடம். சின்னதுதான்." மேடம் பெருமூச்சு விட்டார். "மூணு நிமிஷம். நாலு ஆனா வெட்டிடுவேன்." இன்னொன்றும் போன்மா கேட்டு வாங்கினாள். மேஜைமேல் ஒட்டியிருந்த அட்டையைக் கிழிக்க அனுமதி. கிழித்த இடத்தில் பசைத் தழும்பு போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள்.

அந்த மூன்று நிமிடங்கள் நாலாவது வாரமாக வந்துகொண்டிருந்தபோது, ஒரு புதன்கிழமை காலை ஒரு பெண் கூப்பிட்டாள். படித்த குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"நீங்க அந்த மனைவியோட கஷ்டத்தைக் காட்டுறீங்க. நல்லா இருக்கு. நான் ஒண்ணு கேக்கலாமா? அந்த இன்னொருத்தி. அவளை விபத்துல அடிச்சுப் போட்டுட்டீங்க. அவன் திரும்பிப் போன மறுநாள் அவ எப்படி எந்திரிச்சா, வேலைக்கு எப்படிப் போனான்னு யாராவது எழுதுவாங்களா?" பிறகு, அவசரமாக: "நான் அவ மாதிரிதான். முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. தப்புன்னு தெரியும். திட்டணும்னா திட்டிக்கோங்க."

அந்தக் குரலுக்குப் போன்மாவின் மனம் ஒரு முகத்தையும் ஒரு நாலாவது மாடியையும் வைத்துப் பார்த்தது. அவளாக இருக்காது. இருந்தாலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். கட்டை விரல் தொலைபேசியைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கட்டை விரலை எடுத்தாள். பேனாவை எடுத்தாள்.

"திட்டல," என்றாள். "சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

இருபத்தைந்து நிமிடம் கேட்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வரவில்லை. எழுதிய பக்கத்தில் இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. வைத்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு உள் எண்ணை அழுத்தி வசனம் எழுதுபவரைக் கூப்பிட்டாள்.

"சார், மதியம் கொஞ்சம் வாங்க. அடுத்த வாரத்துக்கு விஷயம் இருக்கு."

"நல்ல விஷயமா, போன்மா?"

"எனக்குப் பிடிக்காத விஷயம்," என்றாள் அவள். "ஆனா எழுதியே ஆகணும். மேடம்கிட்ட நான் பேசிக்கிறேன்."